பனிக்கால சைக்கிளும் அறுபது வயசு இதயமும்

 

வருஷா வருஷம் நவம்பர் பிறந்தா என் இன்பாக்ஸில் ஒரே மாதிரி கேள்வி வரும். டென்மார்க், நார்வே, கனடான்னு குளிர் நாடுகளில் இருக்கும் நம்ம ஆட்கள் கேட்பாங்க. "டாக்டர், அப்பாவுக்கு 58 வயசு. பனி கொட்டினாலும் சைக்கிள்லதான் வேலைக்குப் போறார். சொன்னா கேட்க மாட்டேங்கிறார். இதயத்துக்கு ஆபத்து இல்லையா?"

போகலாம், போகக் கூடாதுன்னு ஒரு வரியில் சொல்லிடலாம்தான். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி 250 வருஷ மருத்துவ வரலாறு இருக்கு. அதில் டாக்டர்கள் நாங்க நல்லா குழம்பியிருக்கோம். அதைச் சொல்லிட்டு பதிலுக்கு வர்றேன்.

முதல்ல லண்டன். 1768ல் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர், நடக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வலியைப் பற்றி ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸில் வாசித்தார். மேடு ஏறினால் வரும், சாப்பிட்ட உடனே நடந்தால் வரும், நின்றால் போய்விடும். 'ஆஞ்சைனா' என்று நாம இன்னைக்குச் சொல்றதுக்கு பெயர் வைத்தவர் அவர்தான். ஈசிஜி கிடையாது, ரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளி சொல்றதைக் காது கொடுத்துக் கேட்டே இவ்வளவு துல்லியமா எழுதியிருக்கார்.

அவர் 1801ல் இறந்தார். மறுவருஷம் வெளியான அவருடைய புத்தகத்தில் போகிற போக்கில் ஒரு தகவல் வருது. இந்த நெஞ்சுவலி உள்ள ஒருத்தர் தினமும் அரை மணி நேரம் மரம் அறுப்பதை ஒரு வேலையாக வச்சுக்கிட்டாராம். ஏறக்குறைய குணமாகிட்டாராம். இதய நோய்க்கு உடற்பயிற்சி மருந்தாகலாம் என்று சொல்லும் பழைய குறிப்புகளில் இது முக்கியமானது. அதை யாரும் பெருசா எடுத்துக்கல.

எடுத்துக்காதது மட்டும் இல்ல, நேர் எதிர்த் திசையில் போனாங்க. 1912ல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர், மாரடைப்பு வந்தாலும் பிழைக்கலாம் என்று நிரூபித்து எழுதினார். அது பெரிய விஷயம். ஆனா சிகிச்சை என்ன? படுக்கை. அடுத்த 40 வருஷம் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வச்சாங்க. சிலரை ஆறு வாரம் வரைக்கும். காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் செத்தவங்களும் உண்டு. 1952ல் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன் என்ற ரெண்டு பேர் பாஸ்டனில் நோயாளிகளை நாற்காலியில் உட்கார வச்சதே அன்னைக்குப் புரட்சி. நாற்காலிக்கே அந்த எதிர்ப்புன்னா சைக்கிளுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

அதே காலகட்டத்தில் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் பஸ்ஸைப் பார்த்துக்கிட்டிருந்தார். ரெட்டை மாடி பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கிட்டே இருப்பார், நாளுக்கு நூற்றுக்கணக்கான படிகள். ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே ஊர், கிட்டத்தட்ட ஒரே சம்பளம். 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 பேரின் விவரங்களை எடுத்துப் பார்த்து, 1953ல் லான்செட்டில் வெளியிட்டார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் டிரைவர்களை மாதிரி உடனே சாகிறவர்கள் குறைவு.

பஸ் கதை பலருக்கும் தெரியும். தெரியாத பாதி ஒண்ணு இருக்கு. மோரிஸ் தபால் துறையையும் பார்த்தார். ஒரு பக்கம் நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுக்கும் தபால்காரர்கள். இன்னொரு பக்கம் உட்கார்ந்தே வேலை பார்க்கும் குமாஸ்தாக்கள், டெலிபோன் ஆபரேட்டர்கள். அங்கேயும் அதே முடிவு. லண்டன் குளிர் உங்களுக்குத் தெரியும்: மழை, ஈரக்காற்று, நாலு மணிக்கே இருட்டு. அந்தத் தபால்காரர்களுக்கு குளிர்கால விடுமுறை எல்லாம் கிடையாது. வயசானாலும் பை தூக்கியாகணும்.

அப்பவே ஒரு நியாயமான சந்தேகம் கிளம்புச்சு. ஒல்லியா ஆரோக்கியமா இருக்கிறவன்தான் கண்டக்டர் வேலைக்குப் போறானோ? மோரிஸ் என்ன பண்ணார் தெரியுமா? கம்பெனி கொடுத்த யூனிஃபார்மின் இடுப்பு அளவுகளை எடுத்துப் பார்த்தார்! டிரைவர்களுக்கு வேலையில் சேரும்போதே இடுப்பு கொஞ்சம் பெருசுதான். அதை மறைக்காம 1956ல் அவரே வெளியிட்டார். தன் கண்டுபிடிப்பைத் தானே சந்தேகப்படுற ஆள். எனக்குப் பிடிச்ச டாக்டர்களில் அவர் ஒருத்தர்.

அதே ஆள் பிறகு 9,376 அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்தார். எல்லாரும் 45 முதல் 64 வயசுக்குள்ள இருந்த, மேசை வேலை பார்க்கும் ஆண்கள். 1990ல் வந்த முடிவு: மூச்சு வாங்கும் அளவுக்கு விளையாடினவங்க, நிறைய சைக்கிள் ஓட்டினவங்க, இவங்களுக்கெல்லாம் மாரடைப்பு மத்தவங்களைவிடப் பாதிக்கும் குறைவு. அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாப் படுறது வேற ஒரு வரி. இள வயசில் பெரிய விளையாட்டு வீரரா இருந்து பிறகு விட்டுட்டவங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்ல. "நாங்கல்லாம் காலேஜ்ல கபடி டீம்" என்று சொல்லும் மாமாக்கள் கவனிக்கவும். இப்போ செய்றதுதான் கணக்கு.

(மோரிஸ் 2009ல் தன் 99ஆவது வயதில்தான் இறந்தார். அவருக்கே அவர் ஆராய்ச்சி வேலை செஞ்சிருக்கு.)

இப்போ கடல் தாண்டி அமெரிக்கா. 1955 செப்டம்பர் 24, டென்வர். ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு. பாஸ்டனில் இருந்து வரவழைக்கப்பட்டவர் பால் டட்லி ஒயிட், அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய இதய மருத்துவர். அப்போ அவருக்கே 69 வயசு. சைக்கிள் பைத்தியம். பார்க்கிற எல்லாரிடமும் நடங்க, சைக்கிள் ஓட்டுங்க என்றே சொல்லிக்கிட்டிருந்தார். படுக்கை சிகிச்சை உச்சத்தில் இருந்த காலம் அது. ஜனாதிபதி மறுபடி வேலைக்குப் போகலாம், உடம்பை அசைக்கலாம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது பல லட்சம் இதய நோயாளிகளுக்கு உயிர் கொடுத்த மாதிரி. ஐசன்ஹோவர் அடுத்த வருஷம் தேர்தலில் நின்றார், ஜெயித்தார்.

ஆனா கதையோட முரண்பாட்டைப் பாருங்க. 1956 ஜூன் 29 அன்று அதே ஐசன்ஹோவர், வால்டர் ரீட் மருத்துவமனையில் குடல் ஆபரேஷன் முடிந்து இருந்தபோது ஒரு சட்டத்தில் கையெழுத்து போட்டார். 41,000 மைல், அதாவது சுமார் 66,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலை போடும் சட்டம். கார்களுக்காகவே போடப்பட்ட சாலைகள். டாக்டர் நோயாளிக்கு நடக்கச் சொல்லி சீட்டு எழுதுறார், அந்த நோயாளி நாடு முழுக்க நடக்க முடியாத சாலை போடுறார். மருத்துவ வரலாற்றில் இதைவிடப் பொருத்தமான முரண் எனக்குத் தெரியல. பாஸ்டனில் சார்லஸ் ஆற்றங்கரையில் ஒயிட் பெயரில் ஒரு சைக்கிள் பாதை இருக்கு. அது ஒரு பாதை. இது 66,000 கிலோமீட்டர்.

ஒயிட் 87 வயசில் இறந்தார். தேதி: 1973 அக்டோபர் 31. அந்தத் தேதியை மனசில் வச்சுக்கோங்க, ஏன்னா சரியா நாலு நாள் கழிச்சு கதை ஐரோப்பாவுக்குத் திரும்புது.

அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின நேரம் அது. 1973 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, நெதர்லாந்தில் கார் ஓட்டத் தடை. நவம்பர் 25 முதல் டென்மார்க்கிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் தடை. மாசத்தைக் கவனிங்க. நவம்பர், டிசம்பர், ஜனவரி. நல்ல குளிர். காலியான நெடுஞ்சாலைகளில் குடும்பம் குடும்பமா சைக்கிளில் போற படங்கள் அப்போ எடுத்தவைதான். கோட்டு, தொப்பி, கம்பளித் துண்டு. தாத்தா பாட்டிகளும் இருக்காங்க.

"அவங்க நாட்டுக்காரங்க எப்பவுமே அப்படித்தான், சைக்கிள் அவங்க ரத்தத்திலேயே இருக்கு" என்று நாம சுலபமா சொல்லிடுவோம். அப்படி இல்ல. 1950களுக்குப் பிறகு ரெண்டு நாட்டிலும் சைக்கிள் வேகமாகக் குறைஞ்சுக்கிட்டு வந்துச்சு. கார் வாங்கினாங்க, சைக்கிள் பாதையை அகற்றி காருக்கு இடம் கொடுத்தாங்க. 1971ல் நெதர்லாந்தில் மட்டும் சாலை விபத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க, அதில் 400க்கும் மேல் குழந்தைங்க. தன் மகளை இழந்த ஒரு பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையில் இருந்து "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் கிளம்புச்சு. டென்மார்க்கில் 1970களின் கடைசியில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளோட கோபன்ஹேகன் நகரசபைச் சதுக்கத்தில் கூடினாங்க. தனிப் பாதை கேட்டாங்க. சண்டை போட்டுத்தான் வாங்கினாங்க.

இதை ஏன் ஒரு டாக்டர் சொல்லணும்? ஏன்னா அந்தப் பாதைகள் இருந்ததாலதான் அடுத்த ஆராய்ச்சியே நடந்துச்சு.

2000ல் லார்ஸ் போ ஆண்டர்சனும் சக டென்மார்க் ஆய்வாளர்களும் கோபன்ஹேகன் பகுதியில் 30,640 பேரின் விவரங்களை வெளியிட்டாங்க. 20 வயசில் இருந்து 93 வயசு வரைக்கும். சராசரியா 14.5 வருஷம் பின்தொடர்ந்தாங்க. அந்தக் காலத்தில் 8,549 பேர் இறந்தாங்க. வேலைக்கு சைக்கிளில் போகாதவங்களுக்கு, போறவங்களைவிட இறப்பு விகிதம் 39% அதிகம். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, படிப்பு எல்லாத்தையும் கணக்கில் எடுத்த பிறகும். முக்கியமா, ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சியையும் கணக்கில் எடுத்த பிறகும்.

அந்தக் கடைசி வரிதான் விஷயம். ஜிம்முக்குப் போறவன், போகாதவன் எல்லாரையும் சமன்படுத்தின பிறகும், வேலைக்கு சைக்கிளில் போறதுக்கு தனியா ஒரு பலன் தெரியுது. ஏன்? என் கணிப்பு எளிமையானது. ஜிம் விருப்பம். மனசு இருந்தா போவோம். வேலைக்குப் போறது விருப்பம் இல்ல. திங்கள்கிழமை காலை மனசு இருந்தாலும் இல்லாட்டியும் போகணும். அந்த "போகணும்"தான் மருந்து. மோரிஸோட தபால்காரருக்கும் அதேதான்.

மோரிஸ் மாதிரி நாமும் சந்தேகப்படுவோம். ஆரோக்கியமா இருக்கிறவங்கதான் சைக்கிளில் போவாங்க, முடியாதவங்க விட்டுடுவாங்க, அதனால் கணக்கு கொஞ்சம் சாய்ஞ்சுதான் இருக்கும். 2017ல் பிரிட்டனில் ரெண்டரை லட்சம் பேரை வச்சு கிளாஸ்கோ ஆய்வாளர்கள் செய்ததிலும் இறப்பு 41% குறைவுன்னுதான் வந்துச்சு. அதிலும் இதே சந்தேகம் உண்டு. அந்த 39ஐயும் 41ஐயும் அப்படியே எடுத்துக்க வேண்டாம். திசையை எடுத்துக்கோங்க.

சரி, வயசு? அதுக்கு டல்லாஸ் போகணும். 1966ல் ஐந்து இளைஞர்கள், எல்லாருக்கும் 20 வயசு. மூணு வாரம் படுக்கையை விட்டு இறங்காமல் படுக்க வச்சாங்க. உடல் ஒரு நிமிஷத்தில் அதிகபட்சமா எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு, அதாவது உங்க இன்ஜினோட உச்ச சக்தி, சுமார் 28% விழுந்துச்சு. ஆய்வை நடத்தினவர்களில் ஒருத்தர் பெங்க்ட் சால்டின், ஸ்வீடன்காரர். (பிற்காலத்தில் இதே கோபன்ஹேகனில்தான் பெரிய தசை ஆராய்ச்சி மையம் நடத்தினார்.)

முப்பது வருஷம் கழிச்சு, அதே ஐந்து பேரை மறுபடி கூப்பிட்டாங்க. இப்போ 50 வயசு. தொப்பை வேற. அளந்து பார்த்தா இறக்கம் சுமார் 12%தான்! முப்பது வருஷ முதுமை செஞ்ச சேதத்தைவிட, மூணு வாரம் படுத்துக் கிடந்தது செஞ்ச சேதம் அதிகம். பிறகு ஆறு மாசம் நடை, மெது ஓட்டம், நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிள் என்று பயிற்சி கொடுத்தாங்க. 20 வயசு அளவுக்கே திரும்பி வந்துட்டாங்க. ஐந்து பேரை மட்டும் வச்ச ஆய்வுதான், ஆனா இதை நான் என் நோயாளிகளுக்கு அடிக்கடி சொல்வேன்.

இப்போ குளிர்காலத்துக்குப் பொருத்திப் பாருங்க. 58 வயசுக்காரர் நவம்பரில் சைக்கிளைக் கட்டி வச்சுட்டு ஏப்ரலில் எடுக்கிறார்னு வைங்க. அந்த அஞ்சு மாசம் படுக்கை இல்லதான். ஆனா வயசு எடுக்கிறதைவிட நிறுத்தம் எடுக்கிறது அதிகம். 30 வயசில் விட்டா வசந்தத்தில் ரெண்டு வாரத்தில் பிடிச்சுடலாம். 60ல் ஒவ்வொரு ஏப்ரலும் கொஞ்சம் கீழே இருந்து தொடங்கும். நிறைய பேர் ஏதோ ஒரு ஏப்ரலில் எடுக்கிறதே இல்ல.

வயசானா ஏன் சைக்கிள் கஷ்டமா இருக்குன்னு ஒரு சின்னக் கணக்கு. நடுத்தர வேகத்தில் சமதரையில் ஓட்ட, உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிஷத்துக்கு சுமார் 20 மில்லி ஆக்சிஜன் தேவை. 30 வயசில் ஒருத்தரோட உச்சம் 40ன்னு வைங்க. பாதிதான் செலவு, பாட்டு பாடிட்டே போகலாம். 65ல் உச்சம் 28 ஆயிடுச்சுன்னா அதே வேகத்துக்கு 70% செலவு. சாலை மாறல, வேலை தூரம் மாறல, கூரை கீழே இறங்கியிருக்கு. அதோட கனமான கோட்டு, பனிச் சேறு, எதிர்க்காற்று. அப்பா மெதுவாகப் போறார்னா அது சோம்பேறித்தனம் இல்ல, சரியான கணக்கு.

அடுத்து குளிர். இதில் பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது?

குளிர்காற்று முகத்தில் அடிச்சதும் தோலில் இருக்கும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், இதயம் அதே வேலைக்கு அதிகமா உழைக்கணும். ரத்தக்குழாய் ஏற்கெனவே அடைச்சிருந்தா, வெயிலில் வராத நெஞ்சுவலி குளிரில் வரும். ஹெபர்டன் சொன்ன அதே வலி. சைக்கிளில் போறவருக்கு காத்து இன்னும் அதிகம். -5 டிகிரியில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனா, முகத்துக்கு அது -12 மாதிரி. இந்தக் கணக்கே அண்டார்டிகாவில் பிறந்தது. பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் ரெண்டு பேரும் 1940களின் தொடக்கத்தில் அங்கே தண்ணீர் டப்பாவைக் காத்தில் தொங்கவிட்டு, உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்த்தாங்க. இப்போ பயன்படுத்துறது 2001ல் திருத்தின சூத்திரம்.

ஆனா குளிரில் இதயத்தைக் கவிழ்க்கிற பெரிய ஆள் சைக்கிள் இல்ல. பனி வாருற மண்வெட்டி. காலை எழுந்ததும், உடம்பு சூடேறாம, வாசலில் குவிஞ்ச ஈரப் பனியை கையால் தூக்கி எறியுறது. கைகள்தான் வேலை செய்யும், கால் நிற்கும், தூக்கும்போது மூச்சை அடக்குவோம், அழுத்தம் சட்டுனு எகிறும். கனடாவின் கியூபெக்கில் 1981 முதல் 2014 வரை உள்ள குளிர்காலப் பதிவுகளைப் பார்த்தப்போ, பெரிய பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களுக்கு மாரடைப்பு கூடுவது தெரிஞ்சது, பெண்களுக்கு அப்படித் தெரியல. மண்வெட்டி யார் கையில் இருக்கும்னு யோசிங்க. சைக்கிள் வேற மாதிரி. பெரிய தசைகள், ஒரே தாளம், வேகத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம். அப்பா சைக்கிளில் போறாரேன்னு கவலைப்படுற பிள்ளைகள், வாசல் பனியை யார் வாருறாங்கன்னு முதல்ல பாருங்க.

உண்மையில் பனிக்கால சைக்கிளில் வயசானவங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது இதயம் இல்ல, எலும்பு. வழுக்கி விழுறது. யாரும் மோதல, தானே விழுந்தாங்க, அவ்வளவுதான். விழும்போது கையை ஊன்றுவோம், மணிக்கட்டு உடையும். ஈசிஜி, எக்ஸ்ரே எதுவும் இல்லாத 1814லேயே டப்ளின் டாக்டர் ஆபிரகாம் காலிஸ் எழுதி வச்ச முறிவு. 30 வயசில் ஆறு வாரம் மாவுக்கட்டு. 70ல் இடுப்பு எலும்பு உடைஞ்சா, சிலர் பழைய நடைக்குத் திரும்புறதே இல்ல. நெதர்லாந்தில் 2017ல் முதல் தடவையா காரில் இருந்தவங்களைவிட சைக்கிளில் இறந்தவங்க அதிகம்: 201க்கு 206. அதில் வயசானவங்க நிறைய, மின்சார சைக்கிளில் போன வயசானவங்களும் நிறைய. மின்சார சைக்கிள் நான் மேலே சொன்ன 70% பிரச்சினையை அழகா தீர்க்கும். ஆனா கனமானது, வேகமானது. விழுந்தா அடியும் பெருசு.

அப்போ வழுக்காம இருக்க என்ன வழி? இங்கேதான் எங்க துறையோட எல்லை முடிஞ்சு மாநகராட்சியோட வேலை தொடங்குது.

ஃபின்லாந்தில் ஔலு என்று ஓர் ஊர். பூமத்திய ரேகையில் இருந்து 65 டிகிரி வடக்கே, வடதுருவ வட்டத்துக்குப் பக்கம். அஞ்சு மாசம் பனி. டிசம்பரில் சூரியன் சில மணி நேரம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். அங்கே 1970களிலேயே நடைக்கும் சைக்கிளுக்கும் தனிப் பாதை வலைப்பின்னல் திட்டமிட்டாங்க. பெரிய சாலையைக் கடக்க வேண்டிய இடமெல்லாம் கீழே சுரங்கப்பாதை. சிக்னலில் குளிரில் நிற்க வேண்டாம், வழுக்கும் சந்திப்பு வேண்டாம். பனி விழுந்த ராத்திரி, காலையில் ஜனங்க கிளம்பும் முன்னாடியே முக்கியப் பாதைகளில் பனி தள்ளும் வண்டி போயிடும். உப்பு கிட்டத்தட்ட போடறதில்ல. பனியை அழுத்தி கெட்டியாக்கி, மேலே சரளைக்கல் தூவுவாங்க. -20லும் ஸ்கூல் பிள்ளைங்க சைக்கிளில் போறாங்க, பாட்டிகளும் போறாங்க. 2013ல் முதல் பனிக்கால சைக்கிள் மாநாடு அங்கேதான் நடந்துச்சு, பிப்ரவரியில். வேற எந்த மாசம் வைப்பாங்க!

அந்தப் பாட்டிகளுக்கு ஏதோ விசேஷ ஜீன் இருக்கிற மாதிரி நாம வீடியோ பகிர்றோம். எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். அந்த வீடியோவில் உண்மையான ஹீரோ படத்திலேயே இருக்க மாட்டார். அவர் விடியற்காலையில் வண்டியைக் கிளப்பின ஓட்டுநர்.

ஸ்வீடன்காரங்க இதை அளந்தே பார்த்துட்டாங்க. லூலியோ, லின்ஷாப்பிங் ரெண்டு ஊரிலும் ஊழியர்களைக் கேட்டு 2003ல் ஒரு கணக்கு வெளியிட்டாங்க. பாதையில் பனி பராமரிப்பை மட்டும் நல்லா செஞ்சா, குளிர்கால சைக்கிள் பயணம் 18% கூடலாம், கார் பயணம் 6% குறையலாம். யாருக்கும் ஊக்கப் பேச்சு கொடுக்கல, போஸ்டர் ஒட்டல. துடைச்சா போதும். அங்கே வந்த முறையும் அதேதான்: வண்டிக்கு முன்னால் பெரிய சுழல் துடைப்பம், பின்னால் உப்புக் கரைசல். பனியை வழிக்காம, தரை தெரியும்படி துடைச்சுட்டுப் போகும். கோபன்ஹேகனிலும் பெரிய சைக்கிள் பாதைகளுக்கு பனி அகற்றுவதில் முதல் வரிசை இடம். பனி கொட்டின காலை கார் ரோடு வெள்ளையா இருக்கும், பக்கத்தில் சைக்கிள் பாதை கறுப்பா இருக்கும்.

ஹெபர்டன், மோரிஸ், ஒயிட் மூணு பேரும் சொன்னது சரிதான். ஆனா "தினமும் சைக்கிள் ஓட்டுங்க" என்று நான் எழுதுற சீட்டை, 60 வயசுக்கு மேல ஜனவரி மாசம் செல்லுபடி ஆக்குறது அந்தத் துடைப்பம்தான். ஐசன்ஹோவர் கையெழுத்துக்கும் ஒயிட் சீட்டுக்கும் நடந்த போட்டியில் யார் ஜெயிச்சாங்கன்னு அமெரிக்கா போனவங்களுக்குத் தெரியும்.

இப்போ அந்த 58 வயசு அப்பாவுக்கு. பாதை துடைக்கிற ஊரா? அப்போ தடுக்காதீங்க. குளிர் தொடங்கும் முன்னாடி ஒருமுறை பிபி பாருங்க. குளிரில் பிபி ஏறும், மாத்திரை அளவு மாத்த வேண்டி வரலாம். முதல் பத்து நிமிஷம் மெதுவா மிதிக்கச் சொல்லுங்க, வயிறு முட்ட சாப்பிட்ட உடனே வேண்டாம். மூக்கு வாயை மெல்லிய துணியால் மூடினா மூச்சுக்குழாய்க்கு நல்லது, ஆஸ்துமா இருந்தா அது கட்டாயம். ஆணி பதித்த டயர், குறைந்தது முன் சக்கரத்துக்கு. சீட்டைக் கொஞ்சம் இறக்கி வைங்க, கால் தரையில் ஊன்றணும். ஹெல்மெட். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க தலை அடிபட விழுந்தா, வலி இல்லாட்டியும் உடனே ஆஸ்பத்திரி. நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது இடது கை வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கல், தலைசுற்றல் எது வந்தாலும் இறங்கி நிற்கணும். நின்னா போயிடுச்சுன்னு விடாம அன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும். நின்னும் குறையலைன்னா ஆம்புலன்ஸ். ஏற்கெனவே மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் உள்ளவங்க உங்க இதய மருத்துவரைக் கேட்காம தொடங்க வேண்டாம்.

பாதை துடைக்காத ஊரா? கண்ணாடி மாதிரி உறைஞ்ச நாளில் பஸ்ஸில் போகச் சொல்லுங்க, அதில் மானக்கேடு ஒண்ணும் இல்ல. ரெண்டு ஸ்டாப் முன்னாடி இறங்கி நடக்கட்டும். நடக்கிற பாதை துடைச்சிருந்தா, அதான்.

இன்னொரு கேள்வியும் வரும்: "ரிடையர் ஆனப்புறம்?" உண்மையில் அதான் பெரிய ஆபத்து. குளிர் நிறுத்தாத சைக்கிளை ஓய்வு நிறுத்திடும். "போகணும்" போயிடுது இல்லையா. லண்டன் கிங்ஸ் காலேஜில் 55 முதல் 79 வயசு வரையிலான 125 சைக்கிள்காரர்களைச் சோதிச்சாங்க. ஆண்கள் 100 கிலோமீட்டரை ஆறரை மணிக்குள்ள ஓட்டுறவங்க, பெண்கள் 60 கிலோமீட்டரை அஞ்சரை மணிக்குள்ள. பல அளவுகளை வச்சு அவங்க வயசைக் கண்டுபிடிக்கவே முடியல. ஆனா அவங்க கிளப் வச்சு, நாள் குறிச்சு, கூட்டமா ஓட்டுறவங்க. "போகணும்"ஐ தாங்களே உருவாக்கிக்கிட்டவங்க.

அதுவும் முடியாத வயசு வரும். கோபன்ஹேகனில் 2012ல் ஓலே கசோவ் என்பவர் ஒரு மூணு சக்கர ரிக்‌ஷா சைக்கிளை வாடகைக்கு எடுத்துட்டு, பக்கத்து முதியோர் இல்லத்துக்குப் போனார். ஒருகாலத்தில் இந்தத் தெருக்களில் சைக்கிளில் வேலைக்குப் போனவங்க, இப்போ மிதிக்க முடியாதவங்க. அவங்களை முன்னால் உட்கார வச்சு ஊரைச் சுத்திக் காட்டினார். இன்னைக்கு அது பல நாடுகளுக்குப் பரவிடுச்சு. குளிரிலும் போறாங்க. முன் இருக்கையில் இருக்கிறவங்க மடியில் தடிமனா ஒரு கம்பளி போர்த்தி விடுவாங்க, ஏன்னா மிதிக்காதவங்களுக்குத்தான் ரொம்பக் குளிரும்.